எஸ்தர் அக்காவின் குரலில் ஒரு ஸ்தோத்திரம்

வாயில் பிரஷ், கையில் போன். முகப்பேர் ஹவுசிங் போர்டு வீட்டின் பால்கனியில் லுங்கியும் நுரையுமாக நின்றுகொண்டிருந்தேன். இன்னும் விடியவில்லை. எதிர் பிளாக்கில் யாரோ மொட்டைமாடித் தொட்டியை நிரம்பி வழிய விட்டிருந்தார்கள். அந்தச் சத்தம் மட்டும் தெருவுக்கே கேட்டது.

திடீரென்று போன் அதிர ஆரம்பித்தது. ஒரு தடவையோடு நிற்கவில்லை. பிடித்த கை கூசும் அளவுக்கு விடாமல் அதிர்ந்தது.

"ஆமென்." "அல்லேலூயா." "கர்த்தர் பெரியவர்." "கண்ணீரோட கேட்டேன் பிரதர்." நடுநடுவே வரிசை வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள்.

பல்கூடத் துலக்கி முடிக்காத ஒரு மனிதனுக்கு இத்தனை ஆமென் வந்தால் அதற்கு இரண்டு காரணங்கள்தான் இருக்க முடியும். அவன் பரிசுத்தவானாக இருக்க வேண்டும். அல்லது தப்பான இடத்துக்கு எதையோ அனுப்பியிருக்க வேண்டும். நான் பரிசுத்தவான் இல்லை என்பது இந்தத் தொடரை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும்.

நுரையை விழுங்கிவிட்டேன்.

கேட்கக் கூடாத ஜெபம்

எங்கள் சபை அம்பத்தூரில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் இருக்கிறது. தகரக் கூரை போட்ட கூடம். வெயில் காலத்தில் நரகத்தைப் பற்றிப் பாஸ்டர் ஐயா தனியாகப் பிரசங்கிக்க வேண்டியதில்லை.

ஒருநாள் அவர் எங்களைப் பார்த்து, "விடிஞ்சதும் வாயத் தெறந்தா கொடும், கொடும்னுதான் கேக்குறீங்க. கொடுத்தீரேன்னு ஒருநாளாவது ஆரம்பிங்களேன்" என்றார். அப்படித்தான் எங்கள் ஐந்து மணி வழக்கம் பிறந்தது. தினமும் காலை ஐந்து மணிக்குச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கு ஒரு ஸ்தோத்திரம், அதாவது ஒரு நன்றி, சொந்தக் குரலில் பதிவுசெய்து போட வேண்டும். விண்ணப்பம் எதுவும் கூடாது. எதையாவது கேட்டால் பாஸ்டர் அம்மா அழித்துவிடுவார்.

நம் ஆட்கள் விடுவார்களா? "வரப்போற மருமகளுக்காக ஸ்தோத்திரம்" என்றார் ஒருவர். "சீக்கிரமாக் கெடைக்கப்போற டிரான்ஸ்பருக்காக ஸ்தோத்திரம்" என்றார் இன்னொருவர். கேட்பதற்கே நன்றிச் சட்டை மாட்டி அனுப்பினார்கள். பாஸ்டர் அம்மாவும் எதை அழிப்பது, எதை விடுவது என்று குழம்பிப் போனார்.

என்னுடையது வேறு ரகம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் துதி நேரத்தை நடத்துகிறவன் நான்தான். திருநெல்வேலிப் பக்கத்துக் கோயில் தமிழ்; எங்கள் ஊரில் சர்ச்சும் கோயில்தான். மைக்கைப் பிடித்தால் வானம் வரும், பூமி வரும், சமுத்திரம் வரும், அதில் உள்ள மீன்கள் வரும். என் வீடு மட்டும் வராது. அம்பத்தூரை அடுத்த பாடியில் ஒரு தொழிற்சாலையின் பர்ச்சேஸ் பிரிவில் உட்கார்ந்து நாளெல்லாம் கொட்டேஷன் படிக்கிறவனுக்கு வாய் ஓடுவதில் ஆச்சரியம் இல்லை. வாய் ஸ்தோத்திரத்தில் இருக்கும்போது மனசு மத்தியானச் சாப்பாட்டில் இருக்கும்.

ஒரு முட்டிதான் வலிக்கிறது

எஸ்தர் அக்காவின் ஸ்தோத்திரத்தில் வானமும் இல்லை, மீனும் இல்லை.

அக்கா திருமுல்லைவாயலில் இருக்கிறார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனி ஒன்றில் வெகுகாலம் மிஷின் ஓட்டியவர். கணவர் இல்லை. ஒரே மகன் வின்சென்ட்டுக்குப் பெங்களூரில் வேலை. ஐந்து மணி அடித்ததும் அக்காவின் குரல்தான் முதலில் வரும். கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் அதட்டல். கடவுள் பக்கத்து வீட்டில் இருப்பதுபோலவும் அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதுபோலவும் பேசுவார்.

"யப்பா, மோட்டார் போட்டேன், தண்ணி ஏறிச்சு. ஸ்தோத்திரம்பா. பக்கத்து ஊட்டுக்காரி இன்னிக்கு என்னாண்ட சண்டைக்கு வர்ல. ஸ்தோத்திரம். பஸ்ல குந்த எடம் கெட்ச்சுது. ஸ்தோத்திரம். முட்டி வலிச்சுகினே கீது, ஆனா ஒரு முட்டிதான் வலிக்குது. ஸ்தோத்திரம்பா."

இதைக் கேட்டு நான் உருகிப்போனேன் என்று எழுதினால் பத்திரிகைக்கு அழகாக இருக்கும். ஆனால் நான் செய்தது மிமிக்ரி.

எனக்கு அந்த வரம் உண்டு. சபையில் டிரம்ஸ் வாசிக்கும் குணா, பாடியில் பிறந்து வளர்ந்து அங்கேயே லேத் பட்டறையில் வேலை பார்ப்பவன். டீக்கடையில் என்னைக் கண்டால், "மாமே, அக்கா வாய்ஸ் ஒண்ணு உடேன்" என்பான். நான் விடுவேன். அவனுக்கு டீ மூக்கு வழியாக வரும்.

என் மனைவி ஷீலா ஒருநாள் கேட்டாள். "அவங்க சொல்லுத விஷயத்துக்கா சிரிக்கீங்க, அவங்க பேசுத பேச்சுக்கா?"

"விஷயத்துக்குத்தான்" என்றேன்.

பேச்சுக்குத்தான். குணா சிரித்தால் அவன் வீட்டுப் பேச்சைக் கேட்டு அவனே சிரிப்பது. நான் அந்த ஊருக்குப் பிழைக்க வந்து, கோயில் தமிழை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, அவர்கள் பேச்சைப் பேசிச் சிரிப்பு வாங்கினேன். அந்த வித்தியாசம் எனக்கு அப்போதே தெரியும். தெரியாததுபோல நடிப்பதும் மிமிக்ரிதானே.

அப்பாவின் ரசம்

இந்த நோய் எனக்குச் சின்ன வயதிலேயே தொற்றியது. சாப்பாட்டுக்கு முன் அப்பா ஸ்தோத்திர ஜெபம் பண்ணுவார். ரசம் வைத்த நாளில் ஆதாம் காலத்திலிருந்து ஆரம்பிப்பார். கறிக்குழம்பு வைத்த நாளில் "ஆண்டவரே" என்று கண்ணை மூடுவதும் "ஆமென்" என்று திறப்பதும் ஒன்றாக நடந்துவிடும். தட்டில் இருப்பதைப் பார்க்காமலே, ஜெபத்தின் நீளத்தை வைத்து அன்றைய குழம்பு என்ன என்று சொல்லிவிடலாம்.

சித்தப்பா பிள்ளைகளுக்கு அப்பாவைப் போல ஜெபம் பண்ணிக் காட்டுவேன். ரச ஜெபம் தனியாக, கறி ஜெபம் தனியாக. அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகவே நன்றாகப் பழகினேன்.

அதில் ஒரு சிக்கல் வந்தது. பிறகு நிஜமாகவே ஜெபம் பண்ண உட்கார்ந்தபோதும் அப்பா குரல்தான் வந்தது. கல்லூரிக் காலத்தில் கன்வென்ஷன் பிரசங்கிமார் குரல் வந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமை மைக்கில் வருவது அவர்கள் எல்லாருடைய கலவை. ஆண்டவர் என்னை அடையாளம் கண்டுபிடிக்கத் திணறுவார் என்று நண்பர்களிடம் ஜோக் அடிப்பேன். அந்த ஜோக்கை இப்போது சொல்வதில்லை.

அக்காவின் குரல் போனது

அக்காவுக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. கட்டி போனது, கூடவே குரலும் போனது. நரம்பு சரியானால் திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. சபை முழுவதும் அக்காவின் குரலுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தது.

ஐந்து மணிக் குழுவில் அக்காவின் குரல் இல்லை. "ஒருதரம் போய்ப் பாத்து ஜெபம் பண்ணிட்டு வாங்க பிரதர்" என்று பாஸ்டர் ஐயா என்னிடம் சொல்லியிருந்தார். குழுவிலும் அதைப் போட்டிருந்தார். நான் போகவில்லை. ஆபீசில் வேலை என்று சொல்லலாம். வேலை இருந்தது, ஆனால் அவ்வளவு இல்லை.

அவர் அப்படிப் போட்டதற்கு மறுநாள் விடியற்காலையில் குணாவிடமிருந்து செய்தி. "மாமே, அக்கா இல்லாம குரூப்பு சப்புன்னு கீது. நீ ஒண்ணு உடு, கேட்டுட்டு வேலைக்குப் போறேன்."

பிரஷ்ஷை எடுத்துவிட்டு அக்கா குரலில் பேசினேன். மோட்டார், பஸ் சீட்டு, ஒற்றை முட்டி, எல்லாம் சேர்த்தேன். கடைசியில் என் கைவண்ணமாக, "ஃபேனு தலமேல உழல, ஸ்தோத்திரம்பா" என்று, ஃபேன் தலையில் விழாததற்கும் ஒரு நன்றியை ஒட்டினேன். அனுப்பினேன். போன் திரையில் குணாவும் சபைக் குழுவும் மேலும் கீழுமாக இருந்தார்கள். என் கட்டைவிரல் பெரிய சைஸ்.

எல்லாரும் என்ன நினைத்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. பிரதர் போயிருக்கிறார், ஜெபம் பண்ணியிருக்கிறார், அக்கா பேசிவிட்டார், பிரதர் பதிவுசெய்து அனுப்பியிருக்கிறார்.

அழித்தேன். அடுத்த நொடி ஒரு சகோதரி, "பிரதர் கை தவறி அழிச்சிட்டாங்க, நான் சேவ் பண்ணி வெச்சிருந்தேன்" என்று திரும்பவும் போட்டார். பாஸ்டர் ஐயா எழுதினார்: "வரும் ஞாயிறு ஸ்தோத்திர ஆராதனை. அனைவரும் வாருங்கள்."

குணா மட்டும் எனக்குத் தனியாக ஒரு வரி எழுதினான். "இன்னா மாமே இப்டி பண்ட்ட."

மேம்பாலத்தின் அடியில்

உடனே குழுவில் உண்மையைப் போட்டிருக்க வேண்டும். குளித்துவிட்டுப் போடலாம் என்று நினைத்தேன். சாப்பிட்டுவிட்டுப் போடலாம் என்று நினைத்தேன். பாடி மேம்பாலத்தை நெருங்கும்போது போன் அடித்தது. வண்டியை ஓரம் கட்டி ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

"அண்ணா, வின்சென்ட் பேசுறேன். எஸ்தரம்மா புள்ள."

"சொல்லுப்பா."

"யாரோ அனுப்ச்சாங்கண்ணா, கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டுகினே கீறேன். ஒரு முட்டிதான் வலிக்குதுன்னு சொல்றாங்க பாரு, அது எங்கம்மாவேதாண்ணா. வேற யாரு அப்டி சொல்லுவாங்க."

அவனே தொடர்ந்தான்.

"ஒடனே அவங்களுக்குப் போன் போட்டேன். எட்த்தாங்க, பேசல. மூச்சு மட்டும் வந்துச்சு. நேத்துப் பேசுனதுல களைப்பாயிட்டாங்களாண்ணா?"

பக்கத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அது ஓயும்வரை எனக்கு நேரம் இருந்தது. அந்த நேரத்தில் ஒரு மனிதன் உண்மையைச் சொல்லத் தன்னைத் தயார்செய்துகொள்ள முடியும்.

"ஆமாப்பா" என்றேன். "ரொம்பப் பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்கல்லா."

"ஞாயித்துக்கெழம வரேண்ணா. லீவு சொல்ட்டேன். அம்மா பேசுறத நேர்ல கேக்கணும். ஸ்தோத்திரம்ணா."

"ஸ்தோத்திரம்" என்றேன்.

ஆயிரக்கணக்கான தடவை சொல்லித் தேய்ந்த வார்த்தை. அன்றைக்கு அதை ஒரு பொய்க்கு முற்றுப்புள்ளியாக வைத்தேன். ஹெல்மெட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டது போலீசுக்காக இல்லை, முகத்துக்காக.

சாயங்காலம் ஷீலாவிடம் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் தேவலாம். காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு, "அந்தப் பிள்ள பஸ் ஏறுததுக்கு முன்னால சொல்லிருங்க. அக்காட்ட மொதல்ல" என்றாள்.

"நாளைக்கு லீவு போட்டுட்டு..."

"வண்டிச் சாவி டிவி மேல இருக்கு."

அக்கா தலையாட்டினார்

அக்கா கதவைத் திறந்தார். கழுத்தில் சேலைத் தலைப்பைச் சுற்றியிருந்தார். சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. உள்ளே போனதும் ஃபேனைப் போட்டார். எனக்கு நாற்காலியைக் காட்டினார். அது ஃபேனுக்கு நேர் கீழே இருந்தது.

"அக்கா..." என்று ஆரம்பித்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். தன் போனை எடுத்து அந்தப் பதிவை ஓடவிட்டார்.

என்னுடைய மிமிக்ரியை அதுவரை நான் சிரிப்பவர்கள் நடுவில்தான் கேட்டிருக்கிறேன். யாருடைய குரலோ அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கேட்பதைப் பார்த்துக்கொண்டு கேட்டதில்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். மோட்டார் வந்தபோது உதடு அசைந்தது. முட்டி வந்தபோது கை தானாக முட்டிக்குப் போனது. முடிந்ததும் திரும்பப் போட்டார். அதற்குப் பிறகும் ஒருமுறை.

அவர் என் குற்றத்தைக் காட்டத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. தன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் இப்போது இருந்தது அது ஒன்றுதான். அதுவும் போலி.

கடைசித் தடவை, "ஃபேனு தலமேல உழல" என்ற இடத்தில் நிறுத்தினார். மேலே சுற்றும் ஃபேனைக் காட்டினார். என்னைப் பார்த்து மெதுவாக, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தலையாட்டினார். 'நான் அப்படிச் சொன்னதே இல்லை' என்று அர்த்தம். மற்றதெல்லாம் அவர் உண்மையாகவே சொன்ன நன்றிகள். அது மட்டும் நான் சிரிப்புக்காகச் சேர்த்தது. எங்கே அவர் முடிந்து எங்கே கேலி ஆரம்பிக்கிறது என்று அக்காவுக்குச் சரியாகத் தெரிந்தது.

"மன்னிச்சிருங்க அக்கா" என்றேன். அதுகூட யாரோ ஒருவர் குரலில் வந்ததுபோல இருந்தது.

அவர் முன்னாலேயே வின்சென்ட்டுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.

"தம்பி, அந்த ரெக்கார்டிங்குல பேசுனது அம்மா இல்ல. நான்தான்."

"இன்னாண்ணா?"

"அம்மா மாதிரி நான் பேசுனேன், வெளாட்டுக்கு. காலையில ஒங்கிட்டப் பொய்யும் சொன்னேன். அம்மாவுக்குக் குரல் இன்னும் வரல."

பெங்களூர் ரோட்டில் யாரோ விடாமல் ஹாரன் அடித்தார்கள். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் அவன் இருந்தான்.

"அசலா பண்றீங்கண்ணா" என்றான்.

வாழ்நாளில் என் மிமிக்ரிக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதுதான் பெரியது. அதற்குப் பதில் அவன் ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பிறகு கேட்டான். "அம்மா பக்கத்துல கீறாங்களா?"

"இருக்காங்க."

"யம்மா, ஞாயித்துக்கெழம எப்டியும் வரேன்மா. நீ பேசாட்டிப் பரவால்ல."

அக்கா என் கையிலிருந்து போனை வாங்கி வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டு மூச்சு விட்டார். அவனுக்குக் கேட்கும்படி, பலமாக.

மைக்

ஸ்தோத்திர ஆராதனை அறிவித்தபடியே நடந்தது. பாஸ்டர் ஐயாவிடம் முன்னாலேயே சொல்லியிருந்தேன். "நீங்களே சபையில சொல்லுங்க" என்றார். துதி நேரத்தில் மைக்கைப் பிடித்து நடந்ததைச் சொன்னேன். நான் மைக்கில் பேசியதிலேயே அதுதான் சுருக்கமானது. கறிக்குழம்பு ஜெபத்தைவிடச் சின்னது.

தகரக் கூரை வெயிலில் டப், டப் என்று சத்தம் போட்டது. குணா டிரம்ஸ் குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழித்ததைச் சேவ் பண்ணித் திரும்பப் போட்ட சகோதரி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். மைக்கை ஸ்டாண்டில் வைத்துவிட்டு இறங்கத் திரும்பினேன்.

எஸ்தர் அக்கா எழுந்து முன்னால் வந்தார். வாசல் பக்கத்தில் வின்சென்ட் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து மைக் பக்கம் திருப்பினார். பிறகு கையை நீட்டி, சுவரில் ஒரு சுவிட்சைத் தட்டுவதுபோலத் தட்டினார். கை கீழிருந்து மேலே போனது.

மோட்டார். தண்ணி ஏறிச்சு.

அடுத்த நொடி என் தொண்டையில் அக்காவின் குரல் தயாராக வந்து நின்றது. அந்தக் கரகரப்பு, அந்த "யப்பா". விட்டால் ஓடிவிடும். அதை விழுங்கினேன். அன்றைக்குப் பால்கனியில் நுரையை விழுங்கியதைவிடக் கஷ்டமாக இருந்தது. அதற்குப் பின்னால் அப்பா குரல் வந்தது, கன்வென்ஷன் குரல் வந்தது. அவற்றையும் அனுப்பிவிட்டுப் பார்த்தால் ஒன்றும் மிச்சமில்லை.

"மோட்டார் போட்டாங்க. தண்ணி ஏறிச்சு" என்றேன். பஸ் கண்டக்டர் ஸ்டாப்பிங் பெயர் சொல்வதுபோல இருந்தது. "ஸ்தோத்திரம்."

வாசல் பக்கமிருந்து ஒரு "ஆமென்" வந்தது.

அக்கா முட்டியைத் தொட்டு, ஒரு விரலைக் காட்டினார். "ஒரு முட்டிதான் வலிக்கி" என்றேன், எங்கள் ஊர்ப் பேச்சில். சபையில் லேசாகச் சிரிப்பு எழுந்தது. சிரிப்பு வந்தும் எனக்கு அதை வாங்கிக்கொள்ளத் தோன்றாதது அன்றைக்குத்தான்.

இப்போது

அக்காவுக்கு இன்னும் குரல் வரவில்லை. அதனால் இது வழக்கமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை துதி நேரத்தில் அக்கா வந்து பக்கத்தில் நிற்பார். கையால் சொல்வார், நான் வாயால் சொல்வேன். அடையாளம் புரியாமல் நான் விழிக்கும்போது குணா டிரம்ஸ் பின்னாலிருந்து, "மாமே, கேஸ் சிலிண்டர் வந்துச்சுன்றாங்க" என்று எடுத்துக் கொடுப்பான். வானமும் சமுத்திரமும் வருவது அநேகமாக நின்றுவிட்டது.

வீட்டில் தனியாக உட்கார்ந்து என்னுடைய ஸ்தோத்திரம் ஒன்றைச் சொல்லிப் பார்க்கிறேன். கடினமாக இருக்கிறது. ஷீலா சாவி இருக்கும் இடத்தைச் சொன்னதற்கு ஒருநாள் சொன்னேன். அதற்கு மேல் இன்னும் போகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மோட்டார் சொன்னார், பஸ் சீட்டு சொன்னார், முட்டி சொன்னார். முடித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. விரலை என் பக்கம் நீட்டினார். பிறகு ஸ்தோத்திரம் என்பதுபோல இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

புரிந்தது. புரியாததுபோல நடிக்கத்தான் எனக்குப் பயிற்சி இருக்கிறதே.

"சபையில இருக்கிற சகோதரர்கள் எல்லாருக்காகவும் ஸ்தோத்திரம்" என்றேன்.

அக்கா தலையாட்டினார். மெதுவாக, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக. அன்றைக்கு ஃபேனுக்கு ஆட்டிய அதே தலையாட்டல். 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்று அர்த்தம். விரல் திரும்பவும் வந்து, இந்தத் தடவை என் சட்டைப் பொத்தானைத் தொட்டு நின்றது.

குணாவைப் பார்த்தேன். அவன் எடுத்துக் கொடுக்கவில்லை. பாஸ்டர் ஐயா கண்ணை மூடியிருந்தார். அக்கா இடத்துக்குப் போகாமல் அங்கேயே நின்றார். எல்லாரும் காத்திருந்தார்கள்.

மைக்கைப் பிடித்தபடி வாயைத் திறந்தேன். ஸ்பீக்கரில் என் மூச்சு மட்டும் கேட்டது.